பெயர் சொல்லி ஜெபம்

காலை எட்டரைக்கு ஷட்டர் ஏறும். எட்டே முக்காலுக்குப் பன்னிரண்டு பேரும் அட்டைப்பெட்டிக் கட்டுகளுக்கு நடுவே வட்டமாக நிற்பார்கள். ஆனந்தகுமார் கண்ணை மூடுவான். பத்து நிமிட ஜெபம். அது முடிந்துதான் லாரி கிளம்பும்.

பைபிளில் வரும் ஊர்ப் பெயரில் எம்மாவு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்று போர்டு மாட்டிய அந்த அலுவலகம் ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஆனந்தகுமாரும், கத்தோலிக்கரான அவன் மனைவி ஆரோக்கியமேரியும் பதினோரு வருடமாக அதை நடத்துகிறார்கள். வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, ஏற்றி, இறக்கி, புது வீட்டில் பிரித்து அடுக்கித் தருவது தொழில். மேரி முதலில் போய் வீட்டைச் சுற்றிப் பார்த்து என்னென்ன சாமான் என்று குறித்துக்கொண்டு வருவாள். ஆட்களும் வண்டிகளும் ஆனந்தின் பொறுப்பு.

இந்தத் தொழிலில் ஒரு பொருள் உடைந்தால் தூக்கினவன் கூலியில் பிடிப்பார்கள். அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். உடைந்த கோப்பையைப் பேப்பரில் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்து மூடிவிடுவார்கள். பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்காரர் பெட்டியைப் பிரிக்கும்போதுதான் தெரியும். ஆனந்தகுமாரே இருபது வயதில் வேறொரு கம்பெனியில் சாமான் தூக்கினவன், அப்படி மூடி வைத்தவன். சொந்தமாகத் தொடங்கியபோது அவன் ஒரே ஒரு வாக்குக் கொடுத்தான். தப்பு நடந்தால் அன்றைக்கே வந்து சொல்லிவிடுகிறவனுக்குப் பிடித்தமும் இல்லை, திட்டும் இல்லை. வீட்டுக்காரரிடம் கம்பெனியே சொல்லி ஈடு செய்யும்.

லாரியில் வசனம் எழுதுவது, சுவரில் சிலுவை மாட்டுவது எதுவும் அவனுக்குப் பிடிக்காது. "கிறிஸ்தவன் நடத்துற கம்பெனின்னா அது வேலை செய்யற இடத்துல தெரியணும். இங்க யாரும் பயந்து பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்" என்பான். பன்னிரண்டு பேரில் கிறிஸ்தவர்கள் இரண்டே பேர். ஆனாலும் அந்த வாக்கு எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆட்கள் வேறு இடத்துக்குப் போகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அந்த வாக்கோடு இன்னொரு பழக்கமும் எப்போதோ வந்து ஒட்டிக்கொண்டது. தப்பைச் சொன்னவர் மறுநாள் காலை வட்டத்தின் நடுவே வந்து நின்று, நடந்ததை எல்லோருக்கும் ஒருமுறை சொல்ல வேண்டும். ஆனந்த் அவர் தோளில் கை வைத்து, பெயர் சொல்லி ஜெபிப்பான். பிறகு எல்லோரும் கை தட்டுவார்கள். அவன் வளர்ந்த சபையில் சாட்சி சொல்வது, அதாவது தன் வாழ்வில் நடந்ததை எல்லோர் முன்பும் எழுந்து சொல்வது, அப்படித்தான். தப்பு செய்தவனைத் தூக்கி நிறுத்துவதாகத்தான் அவன் நினைத்தான்.

அந்த மாதம் வெள்ளைச்சாமிக்கு நேரம் சரியில்லை. அவர்தான் மேஸ்திரி. வயது ஐம்பது ஆகப் போகிறது. கம்பெனியின் முதல் வாரத்திலிருந்து இருப்பவர். கட்டிலைக் கழற்றினால் போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு, அதே கட்டிலின் சட்டத்தில் பிரவுன் டேப்பால் ஒட்டிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் பழக்கிவிட்டவர். அப்படிப்பட்டவர் முதல் வாரம் ஒரு ஃபிரிட்ஜ் கதவில் கீறல் போட்டார். இரண்டாவது வாரம் தி. நகருக்குப் போக வேண்டிய பெட்டிகள் மூன்றை அசோக் நகர் வீட்டில் இறக்கிவிட்டார். இரண்டையும் அன்றைக்கே சொன்னார். இரண்டு முறையும் மறுநாள் காலை நடுவில் வந்து நின்றார்.

"கர்த்தாவே, எங்கள் சகோதரன் வெள்ளைச்சாமியை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவருடைய கவனக்குறைவை நீர் மன்னித்தபடியே நாங்களும் மன்னித்தோம்..."

வெள்ளைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு கட்டைவிரல் நகத்தைப் பார்த்தபடி நின்றார். கைதட்டல் முடிந்ததும் டிரைவர் மெஹபூப் பாஷா லாரிக் கதவைத் திறந்துகொண்டே சொன்னான்.

"இன்னா தலீவரே, ரெண்டாவது வாரமும் உன் படம்தான் ஓடிக்கினு கீது. நூறு நாள் போவும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைச்சாமியும் சிரித்தார்.

மூன்றாவது வாரம் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலிருந்து ஒரு வீடு. நீரஜா என்று எழுபத்தொரு வயது அம்மாள், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியிலிருந்து அடையாறில் மகன் வாங்கிய ஃபிளாட்டுக்குப் போகிறார். மகன் பெங்களூரில். புதன்கிழமை கட்டி, வியாழக்கிழமை இறக்கினார்கள். வியாழன் மாலை வெள்ளைச்சாமி போன் செய்து, "எல்லாம் முடிஞ்சுது சார், குறை ஒண்ணும் இல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நீரஜா கூப்பிட்டார். ஆனந்த் போனை ஸ்பீக்கரில் போட்டான். பக்கத்து மேஜையில் இருந்த மேரிக்கும் கேட்டது.

"சாப்பிட்டுட்டுப் படுத்துண்டு பேப்பர் பாத்துண்டிருந்தேன். சடார்னு ஒரு பக்கம் கட்டில் எறங்கிடுத்து. நல்ல வேளை, செவுத்தைப் பிடிச்சுண்டேன். முழங்கைல சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்லை. உங்க ஆள் சரியா மாட்டலையா என்ன?"

"மேடம், அது பழைய கட்டில்" என்றான் ஆனந்த். யோசிக்கவே இல்லை. "ஓட்டையெல்லாம் தேஞ்சு போயிருக்கும். கழட்டும்போதே எங்க ஆளுங்க பாத்து குறிச்சு வெச்சிருக்காங்க."

யாரும் எதையும் குறித்து வைக்கவில்லை. வீட்டைப் பார்த்துக் குறித்தவள் மேரிதான். அவளுக்குத் தெரியும். அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியா? முப்பது வருஷமா அதுலதான் படுத்துண்டிருக்கேன், எனக்குத் தெரியலை பாருங்கோ. சாரிப்பா, உங்களைப் போய்க் குத்தம் சொல்லிட்டேன்."

"பரவாயில்ல மேடம். நாங்க வந்து பாக்கறோம்."

இருவரும் போனார்கள். அடையாறு ஃபிளாட்டில் நீரஜா காபி கலக்க உள்ளே போன நேரத்தில் ஆனந்த் மெத்தையைத் தூக்கிப் பார்த்தான். தலைப்பக்கம் இரண்டு போல்ட்டுகள் புதியவை, நீளம் போதாதவை. கால்பக்கம் போல்ட்டே இல்லை. கட்டுக் கம்பியால் முறுக்கி இறுக்கியிருந்தது. ஒரு பக்கக் கம்பி அறுந்து தொங்கியது. தேக்குச் சட்டத்தின் ஓட்டைகள் நேற்றுத்தான் துளைத்ததுபோலச் சுத்தமாக இருந்தன.

போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அவன் மெத்தையை மெதுவாகக் கீழே விட்டான். நீரஜா காபியோடு வந்தபோது, "திங்கட்கிழமை கார்பென்டர் வருவார் மேடம். ஓட்டையை அடைச்சு சரி பண்ணித் தரோம். அதுக்கு நீங்க ஒண்ணும் தர வேணாம்" என்றான். அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. "இந்தக் காலத்துல யார் இப்படிப் பண்றா?" என்று மேரியிடம் சொன்னார். மேரி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவைத்தாள். அவளும் எதுவும் சொல்லவில்லை. ஹாலில் திவான் இருந்தது. இரண்டு நாளைக்கு அதிலேயே படுத்துக்கொள்வதாக நீரஜா சொன்னார்.

காரில் ஏறியதும் மேரி கேட்டாள். "ஓட்டை தேஞ்சு போச்சுன்னு ஏன் சொன்னீங்க?"

"வாயில வந்துருச்சு."

"அங்க போய்ப் பாத்த பிறகும் அதையே சொன்னீங்களே?"

"நீயும்தான் பக்கத்துல நின்னே" என்றான். பிறகு ஸ்டியரிங்கைத் தட்டினான். "இருக்கட்டும். இப்ப பிரச்சனை நான் இல்ல. அந்தம்மா இடுப்பு உடைஞ்சிருக்கும் மேரி. கம்பி! கட்டில்ல கம்பி! வெள்ளைச்சாமி அண்ணன் பண்ணற வேலையா இது?"

மாலை ஆறு மணிக்கு வெள்ளைச்சாமி பெருங்குடி வேலையை முடித்துவிட்டு வந்தார். ஆனந்த் போனில் எடுத்த படத்தைக் காட்டி, அந்த அம்மாளுக்கு அடிபட்டதைச் சொன்னான். அவர் பார்த்தார். மறுக்கவில்லை.

"மறுநாளே போய் மாட்டிடலாம்னு இருந்தேன் சார். இன்னிக்குப் பெருங்குடிக்கு அனுப்பிட்டீங்க."

"ஏன் சொல்லல? அன்னிக்கே சொன்னா நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்னு தெரியாதா உங்களுக்கு? பதினோரு வருஷமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும்?"

வெள்ளைச்சாமி கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார்.

"தப்புக்காக நான் யாரையும் அனுப்பினதே இல்ல, அண்ணே. ஆனா மறைச்சீங்க. இந்த இடம் நிக்கிறதே அதுமேலதான். அதை நீங்களே உடைச்சா மத்தவங்க யாருகிட்ட நான் கேக்க முடியும்? நாளைலேருந்து வர வேணாம்."

அட்டைப்பெட்டிக் கட்டுகளின் பக்கம் டேப் கிழிக்கும் சத்தம் நின்றது. வெள்ளைச்சாமி சட்டைப் பையிலிருந்து அலுவலகச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேரியைப் பார்த்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரைப் போல் ஒருவர் கிடைக்க மாட்டார் என்பது ஆனந்துக்கும் தெரியும், மேரிக்கும் தெரியும். ஐம்பது வயதில் இன்னொரு கம்பெனியில் முதலிலிருந்து மூட்டை தூக்க அவரால் முடியாது என்பதும் தெரியும்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு பெண்மணி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்றாள். புக்கிங் பார்க்கும் தாரணி, "யாரும்மா?" என்றாள்.

"வெள்ளைச்சாமி சம்சாரம். வேலம்மா. மேரியம்மாவைப் பாக்கணும்."

ஆனந்த் வெளியே போயிருந்தான். வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறாள் என்று மேரி நினைத்தாள். நாற்காலியைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். வேலம்மா தண்ணீரைத் தொடவில்லை.

"அம்மா, மறைக்காம சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன். அவருக்கு என்ன வியாதி?"

"வியாதியா?"

"எங்க தெருவுல இருக்கானே ஸ்ரீஹரி, உங்ககிட்ட லோடிங் பண்ற பையன், அவன் அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கான். ஆபீஸ்ல எல்லாரும் கூடி நின்னு அவரு தோள்ல கை வெச்சு பேரச் சொல்லி ஜெபம் பண்றாங்கன்னு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. போன வருசம் எங்க எதிர்வீட்டு அம்மாவுக்கு அப்பிடித்தான் வந்து கூடிப் பண்ணாங்க. மூணு மாசத்துல போயிட்டாங்க. இவரைக் கேட்டா ஒண்ணும் இல்லங்குறாரு. நேத்திலேருந்து சரியா சாப்புடல. இன்னிக்கு வேலைக்கும் வரல. நீங்களாச்சும் சொல்லுங்க, கேன்சரா?"

மேரிக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. அவருக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்ல."

"அப்ப எதுக்கு பேரச் சொல்லி ஜெபம்?"

"அது வந்து... ஒரு ஃபிரிட்ஜ்ல கீறல் விழுந்துடுச்சு. அதுக்காக."

வேலம்மா அவளையே பார்த்தாள். "ஃபிரிட்ஜுக்கா?"

வேலம்மா இப்போதுதான் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

"முன்னாடி ஒரு கம்பெனில இருந்தாரு. அங்க ஓனரு வாய்க்கு வந்தபடி ஏசுவான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பாரும்மா, இன்னிக்கு என்னைய என்னா சொன்னான் தெரியுமான்னு. இதை அவரு வாயத் தொறந்து சொல்லவே இல்ல. ரெண்டாவது தடவை நடந்த அன்னிக்கு, ஸ்ரீஹரி வீட்டு வழியா வராம சுத்திக்கிட்டு வந்தாரு. தப்புப் பண்ணிட்டு நிக்கிற மனுசனைச் சுத்தி நின்னு எதுக்கும்மா கை தட்டுறீங்க?"

வேலை போன விஷயம் வேலம்மாவுக்குத் தெரியவே தெரியாது என்பது மேரிக்கு அப்போதுதான் புரிந்தது. "ரெண்டு நாள் லீவுல இருக்காரு. உடம்பு நல்லா இருக்கு. நான் பேசறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மதியம் சாப்பிடும்போது ஆனந்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன் கரண்டியை வைத்தான்.

"வெக்கப்படறதுக்கு அதுல என்ன இருக்கு? நான் சபையில என் குடியைப் பத்திச் சாட்சி சொன்னவன். இருபத்திரண்டு வயசுல, இருநூறு பேருக்கு முன்னாடி. சொன்ன அன்னிக்குத்தான் எனக்கு விடுதலை கிடைச்சுது."

"நீங்களா எழுந்து போய்ச் சொன்னீங்க. யாரும் கூப்பிட்டு நிறுத்தல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லைங்க. எங்க கோவில்ல பாவசங்கீர்த்தனம், பாவத்தைச் சொல்றது, கூண்டுக்குள்ள. நடுவுல ஜன்னல், அதுக்கு ஒரு திரை. சாமியார் மூஞ்சிகூடத் தெரியாது. காதுல சொல்லிட்டு எழுந்து வந்துடலாம். வெளியே நிக்கறவங்களுக்கு நான் என்ன சொன்னேன்னு தெரியாது. அதனாலதான் எல்லாத்தையும் சொல்ல முடியுது."

"அதான் கத்தோலிக்கர் கூண்டு. உள்ள சொல்லிட்டு வெளியே வந்து மறுபடியும் அதையே பண்றது."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கல்யாணமான பதினாறு வருடத்தில் இரண்டு கோவில்களையும் பற்றி அவர்கள் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறார்கள். இவ்வளவு மட்டமாக அவன் பேசியதில்லை. மேரியின் குடும்பம் பெரம்பூரிலிருந்து மந்தைவெளிக்கு வீடு மாறியபோது சாமான் தூக்க வந்தவன்தான் ஆனந்த். மாதா சுரூபச் சிலையைப் பெட்டியில் போட வேண்டாம் என்று அவள் அம்மா அழுதார். சுரூபத்தைக் கும்பிடாத சபைக்காரன் அதை லாரி முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அந்த ஒரு பயணத்தைப் பார்த்துத்தான் மேரி அவனைக் கட்டிக்கொண்டாள்.

கைகழுவ வந்த ஆனந்த் அவள் பின்னால் நின்றான். "சரி, கூண்டைப் பத்திச் சொன்னது தப்பு. ஆனா வெள்ளைச்சாமி அண்ணன் மறைச்சது மறைச்சதுதானே?"

"நீங்க நீரஜா மாமிகிட்ட சொன்னது என்னதாம்?"

"அது வேற."

"வேறன்னா நாளைக்குச் சபையில சாட்சி நேரத்துல எழுந்து அதைச் சொல்லுங்க. விடுதலை கிடைக்கும்."

முதல் ஞாயிறு அவள் கோவிலுக்கு, மற்ற ஞாயிறுகள் அவன் சபைக்கு என்பது கல்யாணத்தின்போது போட்ட ஒப்பந்தம். தி. நகரில் ஒரு ஹாலில் நடக்கும் சபை. இரண்டு பாட்டு முடிந்ததும் மைக் வரிசை வரிசையாக வந்தது. ஒருவருக்கு விசா கிடைத்திருந்தது. ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மைக் ஆனந்த் கைக்கு வந்தது. அவன் எழுந்து நின்றான். மேரி அவனைப் பார்க்கவில்லை. தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றான். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அடுத்த மாதம் வீடு மாறுகிறார். எம்மாவு கம்பெனிக்குத்தான் வேலை கொடுத்திருந்தார்.

"கடந்த வாரம் முழுக்க... எங்கள் வாகனங்கள் எல்லாம் எந்த விபத்தும் இல்லாம ஓடக் கர்த்தர் கிருபை செய்தார். ஸ்தோத்திரம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவன் உட்கார்ந்தான்.

ஆராதனை முடிந்து காரை எடுத்தார்கள். பனகல் பார்க் சிக்னலில் நின்றபோது அவனே சொன்னான்.

"நாக்கு எழும்பல, மேரி."

"ம்."

"இருபத்திரண்டு வயசுல குடியைப் பத்திச் சொன்னேன்னு பெருமையா சொல்றேனே, அப்ப நான் குடிய விட்டு ஒரு வருஷம் ஆயிடுச்சு. முடிஞ்சு போனதைத்தான் சொன்னேன். இது வெள்ளிக்கிழமை பண்ணது." பச்சை விழுந்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "வெள்ளைச்சாமி அண்ணன் அந்த நடுவுல ரெண்டு தடவை நின்னாரு. நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். அவர் மூஞ்சியை நான் பாத்ததே இல்ல."

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவன் திரும்பவில்லை. நேராகக் கே.கே. நகருக்கு விட்டான்.

வெள்ளைச்சாமி வீட்டு வாசலில் பனியனோடு உட்கார்ந்து மேஜை மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வேலம்மா இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். ஆனந்த் உட்காராமல் நின்றான்.

"அண்ணே, அந்தம்மா வீட்டு போல்ட்டு எங்க?"

"இங்கதான் சார் இருக்கு. புதன்கிழமை கட்டிலைக் கழட்டும்போது டேப்பு தீந்து போச்சு. கவரோட பேன்ட் பாக்கெட்டுல போட்டேன். மறுநாள் வேற பேன்ட்டு. அடையாறுல போய் மாட்டும்போதுதான் தெரியுது." அவர் உள்ளே திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வந்து எடுத்துட்டுப் போக ரெண்டு மணி நேரம் ஆகும். வண்டி ஏன் நிக்குதுன்னு நீங்க கேப்பீங்க. சொன்னா மறுநாள் காலைல... மூணாவது தடவை சார். பாஷா என்ன சொல்லுவான்னுகூட எனக்குத் தெரியும். கடையில ரெண்டு போல்ட்டு கிடைச்சுது, மிச்சத்தைக் கம்பியால இழுத்துக் கட்டினேன். அந்தம்மாவுக்கு அடி பட்டுச்சுன்னு நீங்க சொன்னதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல."

"நான் அந்தம்மாகிட்ட கட்டில்மேல பழியைப் போட்டுட்டேன் அண்ணே. ஓட்டை தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன். உங்க கம்பியைப் பாத்த பிறகும் அதையே சொன்னேன்."

வெள்ளைச்சாமி நம்பாமல் மேரியைப் பார்த்தார். மேரி தலையை ஆட்டினாள். "நானும் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்."

"நாளைக்குக் காலையில போய் நான் சொல்லப் போறேன்" என்றான் ஆனந்த். "நீங்களும் வரணும். வேலைக்குத் திரும்பி வரீங்களா, இல்லையாங்கறது உங்க இஷ்டம். நான் போகச் சொன்னது தப்பு."

வெள்ளைச்சாமி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"வரேன் சார். ஆனா என் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணக் கூடாது. பண்ணணும்னா மனசுக்குள்ள பண்ணிக்கங்க. எனக்குக் கேக்கக் கூடாது."

"சரி."

உள்ளேயிருந்து வேலம்மாவின் குரல் வந்தது. "வேலைக்குத் திரும்பி வரதா? அப்ப எப்ப வேலை போச்சு?"

வெள்ளைச்சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் அடையாறு ஃபிளாட்டில் இருந்தார்கள். நீரஜா கார்பென்டரை எதிர்பார்த்துக் கட்டில்மேல் இருந்த புடவைகளையெல்லாம் எடுத்து வைத்திருந்தார். முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

முதலில் வெள்ளைச்சாமி சொன்னார். சுருக்கமாக, எந்தச் சாக்கும் இல்லாமல். போல்ட்டு என் வீட்டில் இருந்தது, கம்பியால் கட்டினேன், சொல்லாமல் போனேன், மன்னிக்கணும். நீரஜா பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு ஆனந்த் சொன்னான். அவனுக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. இரண்டு முறை தடுமாறினான். "ஓட்டை நல்லாத்தான் இருக்கு மேடம். கட்டிலும் நல்லாத்தான் இருக்கு. நான் பாத்துட்டுத்தான் பொய் சொன்னேன்."

அந்த அம்மாள் கணக்கு வாத்தியாருக்கே உரிய பார்வையில் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அவர் பண்ணினது எனக்குப் புரியறது. பயந்துண்டு பண்ணியிருக்கார். நீங்க ஓனர், உங்களுக்கு யார்கிட்ட பயம்?" அவர் குரல் உயரவில்லை. "நான் உங்ககிட்ட சாரி சொன்னேன். ஞாபகம் இருக்கோ? என் கட்டில்மேலதான் தப்புன்னு, உங்களை வீணா சொல்லிட்டோம்னு, சாரி சொன்னேன். அதையும் நீங்க வாங்கிண்டேள்."

ஆனந்தின் முகம் சிவந்தது. "ஆமா மேடம்."

"இவளும் நின்னுண்டிருந்தா. என் காபியைக் குடிச்சிண்டு."

"ஆமா மாமி" என்றாள் மேரி. கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"எம் பையன்கிட்ட சொல்லப் போறேன். அவன் நெட்டுல எழுதுவான். நான் தடுக்கப் போறதில்லை."

"எழுதட்டும் மேடம்."

"சரி, முதல்ல கட்டிலை மாட்டுங்கோ. மூணு நாளா திவான்ல முதுகு போயிடுத்து."

வெள்ளைச்சாமி ஸ்பேனரை எடுத்தார். ஆனந்த் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கால்பக்கச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தான். "இன்னும் கொஞ்சம் எறக்குங்க சார். அந்தப் பக்கம். அது உங்க வலது, என் வலது இல்ல." நான்கு போல்ட்டுகளும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. கடைசி முறுக்குக் கொடுத்ததும் வெள்ளைச்சாமி தானே கட்டிலின் நடுவில் ஏறி உட்கார்ந்து, இருமுறை குதித்துப் பார்த்தார். பிறகு இறங்கி, தான் உட்கார்ந்த இடத்தைத் துண்டால் தட்டிவிட்டார்.

காபி தரவில்லை. தருவார் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை. கதவு வரைக்கும் வந்த நீரஜா, வெள்ளைச்சாமியிடம் மட்டும், "பரண்ல ஏத்தின ரெண்டு பெட்டியை எறக்கணும். அடுத்த வாரம் முடிஞ்சா வாங்கோ" என்றார்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு வட்டம் கூடியது. ஆனந்த் கண்ணை மூடவில்லை.

"இனிமே யாரும் நடுவுல வந்து நிக்க வேணாம். பேர் சொல்லி ஜெபமும் இல்ல, கைதட்டலும் இல்ல. தப்பு நடந்தா அன்னிக்கே சொல்லணும், அது மாறாது. என்கிட்டயோ மேரிகிட்டயோ தாரணிகிட்டயோ, யாருகிட்ட சொல்ல வருதோ அவங்ககிட்ட தனியா சொல்லுங்க. அதோட அது முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை நான் ஒரு கஸ்டமர்கிட்ட பொய் சொன்னேன். நேத்து போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். நெட்டுல நம்மளைப் பத்தி மோசமா ஏதாவது வந்தா அதுக்குக் காரணம் நான், வேற யாரும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினான். "அப்புறம், ஜெபத்துக்கு நிக்கறதும் இனிமே அவங்கவங்க விருப்பம்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மெஹபூப் பாஷா மட்டும் கையைத் தூக்கினான்.

"சார், நெசமாத்தான் சொல்றியா? அப்ப நான் போய் ஒரு டீ அட்ச்சிட்டு வரட்டா?"

"வாங்க."

பாஷா போனான். அவன் பின்னால் ஸ்ரீஹரி. பிறகு இன்னும் ஐந்து பேர். கடைசியாக வெள்ளைச்சாமி, ஆனந்தின் முகத்தைப் பார்க்காமல், செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து நகர்ந்து போனார். மிச்சம் நின்றவர்கள் நான்கு பேர், மேரியையும் சேர்த்து ஐந்து.

பதினோரு வருடமாகப் பன்னிரண்டு பேர் நின்ற வட்டம். மேரி அவன் அருகே வந்து நின்று, அவன் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டாள். "ஆரம்பிங்க, லாரி கிளம்பணும்" என்றாள். அவன் ஜெபித்தான். மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அவன் வாசலுக்கு வந்தபோது டீக்கடையிலிருந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாஷா யாரையோ கிண்டல் செய்து உரக்கச் சிரித்தபடி லாரியில் ஏறினான். வெள்ளைச்சாமி மட்டும் சற்றுப் பின்தங்கி, லாரியின் பின்பக்கத்துக்கு வந்து நின்றார்.

"சார், நேத்து சாயங்காலம் திருவான்மியூர் வீட்டுல ஒரு விஷயம். அலமாரிக் கதவு மூடும்போது கண்ணாடி ஓரத்துல விரிசல் விழுந்துருச்சு. சின்னதுதான். அவங்க இன்னும் பாக்கல. நேத்தே போன்ல சொல்லலாம்னு பாத்தேன், அப்புறம் நேர்ல சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

ஆனந்தின் கை பழக்கத்தில் அவர் தோளுக்கு எழும்பியது. பாதியில் நிறுத்தி, லாரிக் கதவின் தாழைப் பிடித்துக்கொண்டான்.

"சரி அண்ணே. நான் அவங்களுக்குப் போன் பண்ணிடறேன். புதுக் கண்ணாடிக்கு அளவு எடுத்துட்டு வந்தீங்களா?"

"எடுத்துட்டேன் சார்" என்று வெள்ளைச்சாமி சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.